மண் பாதைக்கு எந்த பிளேடு?

கர்ஜத், முர்பாட், நெல்லைச் சீமை என்று எங்கெங்கோ நிலம் வைத்துக்கொண்டு மும்பையில் குடியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, மாட்டுங்காவில் வசிக்கும் நம் மண்சாலை ஆலோசகரின் பதில்கள்.

கேள்வி: கர்ஜத்துக்கு அப்பால் எங்கள் பிளாட்டுகளுக்குப் போகும் முருமுச் சரளை ரோடு 600 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பிளாட்காரர்கள் எல்லோரும் பணம் போட்டுப் பராமரிக்கிறோம். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் தன் 45 குதிரைத்திறன் டிராக்டரைத் தருவதாகச் சொல்கிறார். பின்னால் மாட்டும் சாமானை நாங்கள் வாங்க வேண்டும். கடைக்காரர் லேண்ட் லெவலர், பாக்ஸ் பிளேடு, டெரசர் பிளேடு என்று மூன்றைக் காட்டுகிறார். எது நல்லது?
— ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மாட்டுங்கா

பதில்: எது நல்லது என்று கேட்டு எழுதுகிறவர்கள் ரோட்டில் என்ன கோளாறு என்று எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை. பரவாயில்லை, கர்ஜத் என்றதுமே பாதி தெரிந்துவிடுகிறது. வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். முருமு இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கியிருக்கும், நடு ரோடு வாய்க்காலாகியிருக்கும், சக்கரத்தடம் இரண்டிலும் தண்ணீர் ஓடும். சரிதானே?

அப்படியானால் உங்களுக்கு முதலில் வேண்டியது டெரசர் பிளேடு. காரணம், அதைக் கோணம் திருப்பி மாட்டலாம். ஓரத்தில் கிடக்கும் முருமைச் சாய்த்து இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவது இந்த மூன்றில் அது ஒன்றுதான். பாக்ஸ் பிளேடு பக்கவாட்டில் அடைத்த பெட்டி. உள்ளே கிளறு பற்கள் இருப்பதால் இறுகிய தரையைப் பெயர்க்கும், பெயர்த்ததை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போடும். ஆனால் மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளத் தெரியாது. லேண்ட் லெவலர் என்று கடையில் விற்பது பெரும்பாலும் உழுத வயலுக்கானது, அதை மறந்துவிடுங்கள். பாக்ஸ் பிளேடின் பல் செய்கிற வேலைக்கு அந்த விவசாயியிடம் ஒன்பது கொழுக் கல்டிவேட்டர் இருக்கும், ஸ்பிரிங் இல்லாத வகையாக இருந்தால் இன்னும் நல்லது. அதை ஓட்டிக் கிளறிவிட்டு, கழற்றி, டெரசரை மாட்டுங்கள். ஒரு சாமான் வாங்கும் காசு மிச்சம்.

அளவு 7 அடி. 6 அடி போதும் என்று கடைக்காரர் சொல்வார். பிளேடை 35 டிகிரி திருப்பினால் 7 அடி பிளேடு ஐந்தே முக்கால் அடி அகலத்தைத்தான் வழிக்கும். 6 அடி பிளேடு உங்கள் டிராக்டரின் பின்சக்கரத் தடத்தைக்கூட முழுசாக அழிக்காது. அடுத்து எடை. கடையில் பிளேடின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். ஒற்றைக் கையில் எழும்பினால் வாங்க வேண்டாம், அது இறுகிய முருமில் கடிக்காமல் துள்ளிக்கொண்டே போகும்.

ரோட்டை ஆமை முதுகாக்குவதுதான் வேலை. நடுவிலிருந்து ஓரத்துக்கு 4 சதவீத வாட்டம். 3 மீட்டர் ரோட்டில் பாதி ஒன்றரை மீட்டர், அதற்கு 6 சென்டிமீட்டர் இறக்கம். ஒன்றரை மீட்டர் மட்டப்பலகையின் ஒரு நுனியை ரோட்டு நடுவில் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்போது மறு நுனிக்குக் கீழே 6 சென்டிமீட்டர் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். கொத்தனார் மொட்டைமாடிக்குப் பார்க்கிற அதே சோதனைதான். டிராக்டரில் வலது லிஃப்ட் ராடில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றி வலப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். இடப்பக்கம் ஓட்டுகிற நாடு இது. போகும்போதும் வரும்போதும் இடக்கைப் பக்கமே ரோட்டின் வெளிவிளிம்பு, ஆகவே ஒரே அமைப்பில் இரண்டு பாதியும் முடிந்துவிடும். ஹைட்ராலிக் பொசிஷன் லீவரில் இருக்கட்டும். டிராஃப்ட் லீவரில் ஓட்டினால் பாரம் ஏறும்போதெல்லாம் பிளேடு தானாக எழுந்து அலை அலையாக வெட்டும். இதைப் பல டிரைவர்கள் கவனிப்பதில்லை, சொன்னால் கோபம் வேறு.

இன்னொரு கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரோட்டில் ஒரு சென்டிமீட்டர் முருமு அரித்துப் போனால் 18 கன மீட்டர், அதாவது ஆறு பிராஸுக்கு மேல். ஓரத்தில் கிடப்பதை இழுத்துப் போடாமல் வருஷாவருஷம் புது லோடு அடிக்கிறவர்கள் முருமுக்காரரின் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார்கள்.

கேள்வி: வயலைச் சமப்படுத்த லேசர் லெவலர் வாடகைக்கு வருகிறது. துல்லியமான கருவி என்கிறார்கள். ரோட்டுக்கும் அதையே ஓட்டினால் என்ன?
— வாசகர், செம்பூர்

பதில்: துல்லியமான கருவிதான். நெல் வயலில் தண்ணீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. உங்கள் ரோட்டிலும் அப்படியே நிற்க வேண்டுமானால் தாராளமாக ஓட்டுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் மேடுபள்ளம் அதிகம் என்று போன வருஷம் குளத்து வண்டல் இருபது டிரிப் அடித்து, பரம்பு கட்டி நிரவினோம். பார்க்க மெழுகினது போல இருந்தது. ஐப்பசி மழையில் டிராக்டரே இறங்கிவிட்டது. பாக்ஸ் பிளேடு வாங்கினால் சரியாகுமா?
— தோல் வியாபாரி, தாராவி 90 அடி ரோடு

பதில்: தம்பி, வண்டல் பயிருக்கு உரம். அதை ரோட்டில் கொட்டியது யார் யோசனை? கீழே கரிசல், மேலே குளத்துக் களிமண். இரண்டும் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இதில் எந்த பிளேடை மாட்டினாலும் சேற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளலாம், அவ்வளவுதான். ஆயுதத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. காய்ந்த காலத்தில் அந்த வண்டலை டெரசரால் வழித்து எடுத்து, போக வேண்டிய இடமான தோட்டத்துக்கே அனுப்புங்கள். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, பாதையைச் சுற்றுத்தரையைவிட உயரமாக்குங்கள். கரிசலுக்கு மேல் நல்ல சரளை, இறுகிய பின் குறைந்தது 15 சென்டிமீட்டர் நிற்கிற மாதிரி, இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே உருட்டுங்கள். கையில் காசு இருந்தால் சரளைக்கு அடியில் கரிசலின் மேல்பகுதியைக் கிளறிச் சுண்ணாம்பு கலந்து இறுக்குவது பழைய, நல்ல முறை. களிமண்ணின் உப்பல் குறையும்.

சரளை எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். வெறும் கல்லாக இருந்தால் காலடியில் உருளும், வெறும் மண்ணாக இருந்தால் இப்போதைய கதை. கல், மணல், கொஞ்சம் ஒட்டுமண் மூன்றும் கலந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடியை நனைத்து உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் உதிராமல் இருந்தால் ஒட்டு இருக்கிறது. உள்ளங்கை முழுக்கப் பூசிக்கொண்டு கழுவினாலும் போகாவிட்டால் ஒட்டு அதிகம், வேறு குவாரி பாருங்கள்.

கேள்வி: எதற்கு இந்த பிளேடு வம்பெல்லாம்? மணிக்கூலிக்கு ஜேசிபி கூப்பிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறதே?
— வாசகர், முலுண்ட்

பதில்: முடிந்துவிடும், ரோடும் சேர்ந்து. தோண்டுவதற்கும் அள்ளுவதற்கும் பிறந்த வண்டி அது. முன்பக்கெட்டை இறக்கி முன்னும் பின்னும் போனால் தட்டையாக, பெரும்பாலும் நடுவில் குழிவாகத்தான் வெட்டும். பக்கவாட்டு வாய்க்கால் எடுக்கவும் குழாய் பதிக்கவும் கூப்பிடுங்கள். மேல்பரப்பைத் தொட விடாதீர்கள். கிலோமீட்டர் கணக்கில் ரோடு இருந்தால் மோட்டார் கிரேடரை வாடகைக்கு எடுங்கள். அதன் பிளேடு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் தொங்குகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் பிளேடு அவ்வளவு இறங்காது. டிராக்டரில் சாமான் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் முன்சக்கரம் இறங்கினால் பிளேடு எழும், ஏறினால் பிளேடு குத்தும். கேடர்பில்லர் 1931-ல் 'ஆட்டோ பேட்ரோல்' என்று தானே ஓடும் கிரேடரைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த வண்டியின் நீளம் குறையாததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். 6 அடி பாக்ஸ் பிளேடு செகண்ட்ஹேண்டில் சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், டோம்பிவிலி

பதில்: வேண்டாம். பெட்டி நிறைய முருமு ஏறினால் டிராக்டர் நின்ற இடத்தில் சக்கரம் சுற்றும், தூக்கினால் முன்பக்கம் எழும். நாலு, நாலரை அடி பாருங்கள். பின்னையும் அளந்து பாருங்கள். சின்ன டிராக்டர்களில் கீழ் லிங்க் பின் 22 மில்லிமீட்டர், பெரிய டிராக்டருக்குச் செய்த சாமானில் 28. சல்லிசாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மழைக்கு முன்னால், மே மாதத்தில், ஒரு தடவை ரோட்டை நன்றாகக் கிளறி கிரேடிங் பண்ணிவிட்டால் வருஷம் முழுக்க ஓடும் அல்லவா? ஊரிலும் இங்கேயும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
— வாசகர், சயான்

பதில்: எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் எல்லோருடைய ரோடும் அப்படி இருக்கிறது.

மே மாதம் ஏன் தெரியுமா? மண்ணுக்காக இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊரில் கோவில் கொடை, ரயிலில் டிக்கெட் கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு போய் இறங்கியதும் ரோடு கண்ணில் படுகிறது, டிராக்டரைக் கூப்பிடுகிறோம். ஒரு வருஷம் வண்டி ஓடி ஓடி இறுகிய முருமை, ஒரு சொட்டு ஈரம் இல்லாத வெயிலில் கிளறிப் புழுதியாக்கி, நிரவி, கைகட்டி நின்று அழகு பார்க்கிறோம். காய்ந்த முருமு எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. நுண்மண் காற்றில் போய்விடும், கல் தனியாகப் பிரியும். ஜூன் இரண்டாம் வாரம் கொங்கணத்து மழை இறங்கும்போது அந்தத் தளர்ந்த முருமு மொத்தமும் பக்கத்து ஓடையில். பிளேடும் டிரைவரும் வருவதற்கு முன்னால் இருந்த ரோடு இதைவிட உறுதி.

மே மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது. வாய்க்காலைத் தூர் வாருங்கள். குழாய் வாயில் அடைத்த குப்பையை எடுங்கள். ரோட்டு ஓரத்தில் புல்லும் மண்ணும் சேர்ந்து விரல்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டியிருக்கும் பாருங்கள், அதை வெட்டித் தள்ளுங்கள். ஆமை முதுகு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்தப் புல் வரப்பு தண்ணீரை வெளியே விடாது. தண்ணீர் ரோட்டோடு சேர்ந்து ஓடும், ஓடும் தண்ணீர் ரோட்டை எடுத்துக்கொண்டு போகும். மழைக்கு முன்னால் மேல்பரப்பைத் தொடவே தொடாமல் இந்த மூன்றை மட்டும் செய்கிறவருடைய ரோடு, பிளேடு பூட்டியவருடைய ரோட்டைவிட ஆகஸ்டில் நன்றாக இருக்கும். பந்தயம்.

மேல்பரப்பு வேலைக்கு நேரம், ஈரம் பதமாக இருக்கும் நேரம். கர்ஜத், முர்பாட் பக்கம் மழை விலகுகிற செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். நடுவில் மழை இரண்டு நாள் ஓய்ந்தால் அப்போதும் லேசாக ஒரு ஓட்டு. ஊர்ப்பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஆகவே தீபாவளியை ஒட்டி முதல் மழை நனைத்தபின், பிறகு தை பிறந்து ஈரம் காய்வதற்குள் இன்னொரு தடவை. பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, இடுப்புயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். உழவுக்குப் பதம் பார்க்கிற ஜாதிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மெய்ட்லண்ட் என்ற சிற்றூரில் டி. வார்ட் கிங் என்று ஒரு விவசாயி இருந்தார். 1896-ல் தன் வீட்டுக்கு முன்னால் போகும் சேற்று ரோட்டில், குதிரைகள் பூட்டிய ஒரு கட்டையை மழைக்குப்பின் சாய்வாக இழுத்துப் பார்த்தார். அடுத்த மழைக்குப்பின் மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஈரமண் மெழுகினது போல இழைந்து காய்ந்தது, நடு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு வழிந்தது. பிற்பாடு ஒரு மரத்தைப் பிளந்து இரண்டு பாதியையும் இணையாகப் பிணைத்து அவர் செய்த இழுவைக்கட்டை நாடெங்கும் பரவியது. 1908-ல் அந்த நாட்டு வேளாண்மைத் துறை, அதை எப்படிச் செய்வது, எப்படி ஓட்டுவது என்று அவரையே எழுதவைத்துச் சிறு வெளியீடு போட்டது. செலவு என்று பார்த்தால் ஒரு மரம், கொஞ்சம் சங்கிலி, விளிம்பில் அடிக்க ஒரு இரும்புப் பட்டை. சூட்சுமம் முழுக்க மழை விட்டதும் போவதில் இருந்தது.

நம் ஊரில் பனைமரத்துக்கா பஞ்சம்? வைரம் பாய்ந்த, விழுந்த பனை ஒன்றைப் பிளந்து, இரண்டு பாதியையும் முக்கால் மீட்டர் இடைவெளியில் குறுக்குக் கட்டை வைத்துப் பூட்டி, முன்பாதியின் அடிவிளிம்பில் பட்டை அடித்து, ஒரு சங்கிலியை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் மாட்டிச் சாய்வாக இழுங்கள். 24 குதிரைத்திறன் வண்டிக்குக்கூட இது விளையாட்டு. நடந்து போகிற வேகம். மேலே காட்டிய விலையுயர்ந்த சாமான் எதுவும் இல்லாமல், ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ ஒவ்வொரு நல்ல மழைக்குப்பிறகும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நீங்கள் மே மாதம் போய் இறங்கும்போது கூப்பிட வேண்டியதே இருக்காது. அவர் ஒதுக்குவாரா என்பது குடும்பத்துக்குள் பேச வேண்டிய விஷயம், இந்தப் பகுதிக்கு வராது.

கேள்வி: புழுதி தாங்கவில்லை. மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய என்ஜின் ஆயில் இலவசமாகக் கிடைக்கிறது. ரோட்டில் தெளிக்கலாமா?
— வாசகர், அந்தேரி

பதில்: உங்கள் கிணறு ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? கிங் கட்டை இழுத்த அதே மிசௌரியில் டைம்ஸ் பீச் என்று ஒரு ஊர். 1970-களில் புழுதிக்காகக் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அதில் டையாக்ஸின் கலந்திருந்தது 1982-ல் தெரிந்தது. அடுத்த வருஷம் அரசாங்கம் ஊரையே விலைக்கு வாங்கிக் காலி செய்தது. உங்கள் மெக்கானிக் ஷெட் எண்ணெயில் டையாக்ஸின் இருக்காது, ஆனால் ஈயமும் இன்ன பிறவும் இருக்கும். தண்ணீர் தெளியுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு பலகை வையுங்கள், புழுதி பாதியாகும்.

கேள்வி: முர்பாட் தோட்டத்து ரோட்டில் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் வந்துகொண்டே இருக்கிறது. மாதாமாதம் பிளேடால் நிரவுகிறோம், இரண்டே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. பிளேடு சரியில்லையா?
— வாசகர், தாணே

பதில்: பிளேடு சரியாகத்தான் இருக்கும், ஓட்டுவதுதான் கோளாறு. நிரவும்போது மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடுகிறீர்கள். பள்ளத்து அடித்தரை இறுகியபடியே இருக்கிறது, மேலே போட்டது தளர்வு. முதல் பத்து வண்டி போனதும் தளர்ந்தது தெறித்துப் பழைய வரி வெளியே வரும். பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும், இன்னும் ஒரு விரல்கடை கீழே கூட, கல்டிவேட்டரால் கிளறுங்கள். ஈரத்தோடு. அப்புறம் கலந்து, வாட்டம் கொடுத்து, பாரம் ஏற்றிய டிரெய்லரைத் தடம் மாற்றி மாற்றி ஓட்டி இறுக்குங்கள்.

இரண்டாவது, வேகம். பிளேடு போட்டுக்கொண்டு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகிற டிரைவரை இறக்கிவிடுங்கள். துள்ளும் பிளேடே அடுத்த வரிக்கு விதை போட்டுவிட்டுப் போகும். கார்க்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. 2007-ல் மூன்று இயற்பியல்காரர்கள் சுழலும் மணல் மேடையில் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சாதாரணச் சக்கரம்கூட வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் மணலில் வரி எழுப்பியது, அதற்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. ஷாக் அப்சார்பர், டயர் காற்று என்று வாட்சப்பில் சண்டை போடுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். வரி முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள், உங்கள் கேட்டுக்கு முன்னாலும் வளைவிலும்தான். எல்லோரும் பிரேக் போட்டு மறுபடி முறுக்குகிற இடம் அது.

இந்தக் கோளாறுக்கு ஒரு சாமான் உண்டு. லேண்ட் பிளேன் என்பார்கள். இரண்டு நீளச் சறுக்குச் சட்டங்கள், நடுவில் இரண்டு பிளேடுகள். சட்டம் இரண்டு மீட்டர் நீளம் இருப்பதால் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழாமல் சராசரியாக வெட்டிக்கொண்டு போகும். ஓட்டத் தெரியாத டிரைவர் கையிலும் ரோடு கெடாது, அதுதான் அதன் பெரிய குணம். கடையில் தேடி அலைய வேண்டாம், பட்டறையில் செய்யலாம்.

கேள்வி: பட்டறை என்றதும் கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் லாரி ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைத்து பிளேடு செய்து தருகிறேன் என்கிறார். கம்பெனி சாமானில் பாதி விலை. நம்பலாமா?
— வாசகர், தாராவி

பதில்: ஆளை நம்பலாம், வெல்டிங்கை நம்பக் கூடாது. ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகுதான், சாதாரண இரும்புத் தகட்டைவிடப் பல மடங்கு தேயாமல் நிற்கும். ஆனால் சாதாரண ராடு வைத்து வெல்டிங் பிடித்தால் பிடித்த இடத்தையொட்டி முறுமுறுத்துப் போய், கல்லில் முட்டியதும் கண்ணாடியாகத் தெறிக்கும். துளை போட்டு போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள், போல்ட்டின் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். தேய்ந்தால் புரட்டி மாட்டலாம், மறுபடி தேய்ந்தால் கழற்றி எறியலாம். வெட்டு விளிம்பு தேய்ந்து பிளேடின் உடம்பே மண்ணில் உரசுகிற வரைக்கும் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் முழு பிளேடும் போயிற்று என்று அழுவார்கள்.

டாப் லிங்க் மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று துளைகள் கேளுங்கள். டாப் லிங்க்கைக் குறுக்கினால் பிளேடு குனிந்து கடிக்கும், நீட்டினால் நிமிர்ந்து தடவும். அந்த வித்தியாசம் தெரியாத டிரைவருக்கு எந்தக் கம்பெனி சாமானும் உதவாது.

கேள்வி: நடவு முடித்துவிட்டு, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு டிராக்டர்கள் எங்கள் சரளை ரோட்டில்தான் வீடு திரும்புகின்றன. எந்த பிளேடு தாங்கும்?
— தென்காசிக்காரர், செம்பூர்

பதில்: எந்த பிளேடும் தாங்காது. கேஜ் வீலைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பஞ்சாயத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு 58 வயது. முர்பாட் பக்கம் நிலம் என் பெயரில் இருக்கிறது. டிரைவர் தீபாவளிக்குப் போனால் பொங்கலுக்குத்தான் வருகிறார். நானே டிராக்டர் ஓட்டிப் பழகி பிளேடு வேலை செய்ய முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
— இல்லத்தரசி, மாட்டுங்கா

பதில்: முடியும், அம்மா. பிளேடு வேலைக்கு உடல் வலு தேவையில்லை, ஹைட்ராலிக் தூக்கும். தேவை பொறுமை. மணிக்கு நாலைந்து கிலோமீட்டரில் போய்க்கொண்டே திரும்பிப் பார்த்து, லீவரை விரல்கடை விரல்கடையாக அசைக்கும் பொறுமை. இருபத்தைந்து வயதுப் பையன்களிடம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காலி வயலில் பழகுங்கள். வாய்க்கால் விளிம்பிலிருந்து சக்கரத்தை ஒரு மீட்டராவது தள்ளியே வையுங்கள், மழைக்குப்பின் விளிம்பு உட்கார்ந்தால் டிராக்டர் சாயும். மண்ணில் புதைந்த பாறை எங்கே என்று ஊர்க்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன்னால் பிளேடைத் தரையில் இறக்கிவிட்டு என்ஜினை அணையுங்கள். தூக்கி நிற்கும் பிளேடுக்குக் கீழே கையோ காலோ போகவே கூடாது.

இதைக் கறாராகச் சொல்கிறேன்: பிளேடு கடிக்கவில்லை என்று பாரத்துக்கு ஆளை ஏறி நிற்கச் சொல்லும் பழக்கம் ஊர் ஊருக்கு இருக்கிறது. பரம்புப் பலகையில் மாட்டுக்குப் பின்னால் நின்ற பழக்கம் அது. டிராக்டரில் ஒரு கல் இடறினால் நிற்பவர் பிளேடுக்கு முன்னால் விழுவார். மணல் மூட்டை கட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வந்தால் என்ஜினை நிறுத்திவிடுங்கள். சிரிக்கிறவர்களை ரோடு முடிந்தபின் காரில் கூட்டிப் போங்கள்.

கேள்வி: ரோட்டுக்குக் குறுக்கே ஓடை கடக்கும் இடத்தில் 6 அங்குல பிவிசி குழாய் பதித்திருக்கிறோம். ஒவ்வொரு ஜூலையிலும் அங்கேயே ரோடு அறுத்துக்கொள்கிறது. அந்த இடத்தை பிளேடால் உயர்த்தலாமா?
— வாசகர், வடாலா

பதில்: உயர்த்தினால் அணை கட்டியதாக ஆகும், அடுத்த ஜூலையில் இன்னும் பெரிதாக அறுக்கும். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் முன்னால் ஜூலை மாதத்தில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்திருப்பீர்களே? தண்ணீருக்குப் போக வழி சிறியதானால் என்ன நடக்கும் என்று வடாலாக்காரருக்கு நான் சொல்லவா? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த அளவுக்கு யாரும் குழாய் போட முடியாது. ஆனால் 6 அங்குலத்தை ஒரு தேங்காய் மட்டையே அடைத்துவிடும்.

600 மில்லிமீட்டர் ஹ்யூம் பைப் போடுங்கள், வாயில் ஆள் குனிந்து உள்ளே மண்வெட்டியால் வார முடிகிற அளவு. இரண்டு வாயிலும் கல் சுவர். மேலே போதுமான மண் மூடாக்கு இல்லாவிட்டால் பிளேடே பைப்பின் தலையைப் பெயர்க்கும். அதற்கும் காசில்லை என்றால் குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தாழ்த்திக் கல் பாவி, தண்ணீர் மேலேயே ஓடிப் போகட்டும் என்று விடுங்கள். வருஷத்தில் சில நாள் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். பெரும்பாலான தோட்டத்து ரோடுகளுக்கு அதுவே போதும்.

கேள்வி: வரப்போரப் பாதையைப் பக்கத்து நிலக்காரர் முள் வைத்து அடைத்துவிட்டார். பிளேடு போட்டுத் திறந்துவிடலாமா?
— வாசகர், கல்யாண்

பதில்: கூடாது. முள்ளோடு வழக்கும் சேர்ந்து வரும். மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டம் 1966, 143-ஆம் பிரிவில் வரப்பு வழியாகப் போகும் உரிமையைத் தாசில்தார் விசாரித்து முடிவு செய்வார். நிலப் பதிவான ஏழு-பன்னிரண்டு உதாராவும் கிராம வரைபடமும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

கேள்வி: புது டிராக்டர் வாங்கப்போகிறோம். பிளேடு வேலைக்கு எந்தக் கம்பெனி சிறந்தது?
— வாசகர், மாட்டுங்கா

பதில்: மஹிந்திராவின் தொழிற்சாலை காந்திவலியில் இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் உண்டு, டாஃபே நம் சென்னைக் கம்பெனி என்று வாங்குகிறவர்களும் உண்டு. பிளேடுக்கு இரண்டும் ஒன்றுதான். பொசிஷன் கன்ட்ரோல் தனி லீவரில் இருக்கிறதா, வலது லிஃப்ட் ராடின் கைப்பிடி இருக்கையிலிருந்தே கைக்கு எட்டுகிறதா, பவர் ஸ்டீயரிங் உண்டா என்று மூன்றையும் ஏறி உட்கார்ந்து பாருங்கள். நிலத்துக்குப் பக்கத்து ஊரில் எந்த வண்டிக்கு உதிரி பாகம் அன்றைக்கே கிடைக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சீட் கவர் இலவசம் என்பார்கள், அதற்காக முடிவு செய்யாதீர்கள்.